அம்மா போன வயது

சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். எதிரில் நிற்பவளின் உயரம் ஓரளவு ஒத்துவர வேண்டும். கை சூடு தாங்க வேண்டும். சொல்லாமல் பிடியை விடக்கூடாது. ஈர விரிப்பு சூட்டு உருளைக்குள் போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும். இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து ஓர் இழுப்பு இழுப்பார்கள். உடம்புக் கனத்தை மொத்தமாக எதிராளியின் கையில் கொடுத்துவிட்டுச் சாய்கிற வேலை அது. அப்புறம் ஒருத்தி நடந்து வந்து தன் முனைகளை மற்றவளின் கையில் வைப்பாள். வைத்த பிறகுதான் விடலாம். ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு என்று நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

சின்னவளும் நெட்டை அக்காவும் நெடுங்காலமாக ஜோடி. நெட்டை அக்கா அப்படியொன்றும் நெட்டை இல்லை. முன்பு ஒரு குள்ளமான பெண்ணோடு ஜோடி சேர்ந்து மடித்தபோது ஒட்டிக்கொண்ட பெயர், அந்தப் பெண் வேலையை விட்டுப் போன பிறகும் போகவில்லை. சின்னவளுக்கும் அதே கதைதான். வீட்டில் மேலே ஒரு பெரியவள் இருந்ததால் இவள் சின்னவள். தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்து, அதுவும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். இன்னும் சின்னவள்தான்.

அந்த வருஷம் அவளுக்கு நாற்பத்தொன்பது தொடங்கியது. மற்ற வீடுகளில் அது ஒரு வயது, வந்த மாதிரி போய்விடும். இந்த வீட்டில் அந்த எண்ணைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். அவளுடைய அம்மா வீட்டை விட்டுப் போனது நாற்பத்தொன்பதில்.

போனாள் என்றால் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு மத்தியான வேளை. அடுப்பில் சோறு வைத்து, தீயைக் குறைத்துவிட்டு, வெறுங்காலோடு வாசலைத் தாண்டிப் போனாள். திரும்பி வரவில்லை. அதற்கு முன்னால் பல மாதமாகவே அவள் ஒரு மாதிரி இருந்ததாகப் பேச்சு. பட்டப்பகலில் பின்கழுத்தில் தண்ணீரை ஊற்றிக்கொள்வாள். தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுச் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் வராமல் "அது, அது" என்பாள். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, "காத்தே இல்லையேடி" என்பாள். அப்பா இதையெல்லாம் ஒரே வார்த்தையில் முடித்தார்: புத்தி பேதலிச்சுப் போச்சு. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை பார் என்று உறவுக்காரர்கள் அதற்கு அத்தாட்சியும் சொன்னார்கள்.

இப்போது சின்னவளுக்கு முதலில் காது மடல் சுடும். பிறகு அந்தச் சூடு கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்கும். ஒரு நிமிஷத்தில் முதுகு நனைந்துவிடும். அடுத்த நிமிஷம் குளிரும். தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. மாதாமாதம் தூரம் வருவது மூன்று மாதம் நின்றது, பிறகு விட்ட மூன்றையும் சேர்த்து ஒரே வாரத்தில் வந்து தீர்த்தது. உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு "அது" என்று அவள் நின்றபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் வாயருகே போன கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"உப்பு," என்றார் மெதுவாக.

"தெரியும்," என்றாள்.

கணவர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பத்திரமாக வீட்டில் இறக்கிவிட்டு, அதே காக்கிச் சட்டையோடு சலவைக்கூட வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார். மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் அறைக்கு வந்துவிட்டாள். கேட்டால், தன் அறையில் கரப்பான் பூச்சி என்றாள். பெரியவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள், மூட்டுவலிக்காரி. அவள் தொலைபேசியிலேயே காவல் இருந்தாள். காலையில், டீ நேரத்தில், பஸ் ஏறும்போது, இறங்கும்போது. இவ்வளவு அக்கறையைப் பார்த்தால் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும்.

"என்னடி பண்ற?"

"மடிக்கிறேன்."

"உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"எரியுதா?"

"உருளை பக்கத்துல நின்னா எரியாம என்ன செய்யும்?"

"அம்மாவும் அப்படித்தான் ஏதாவது சாக்கு சொல்லுவா. எனக்கு அந்த வயசுல ஒண்ணும் வரல, நான் அப்பா பக்கம். நீதான் அப்படியே அம்மாவை உரிச்சு வச்சிருக்க."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் பெரியவள் போனை வைத்ததே இல்லை. சொல்லும்போது அவள் குரல் நடுங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒருமுறை இழந்தவள், அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாடு துணிமூட்டைகளுக்கு நடுவில் நடக்கும். நெட்டை அக்கா பின்கழுத்தில் ஓர் ஈரத்துண்டைப் போட்டிருப்பாள். அது அவளுடைய அடையாளமாகவே ஆகிவிட்டதால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"ராத்திரி தூங்கினியா?" என்றாள்.

"எங்க தூங்கறது. போத்தினா எரியுது, எடுத்தா நடுங்குது."

"எனக்கு மூணு வருஷம் அந்தக் கூத்து நடந்துச்சு. உருளைதான் சூடுன்னு நினைச்சு சூப்பர்வைசரோட மல்லுக்கு நின்னேன். பாவம், அவன் காத்தாடிய என் பக்கம் திருப்பி வச்சான். அப்பவும் கொட்டுது வேர்வை. அப்புறம்தான் உறைச்சுது, அடுப்பு எனக்குள்ள எரியுதுன்னு."

"சொல்லவே இல்லையே நீ."

"என்னன்னு சொல்றது? கல்யாணம்னா சொல்லலாம், பிள்ளை பிறந்தா சொல்லலாம். இதை யாருகிட்ட போய்ச் சொல்ல? துண்டை நனைச்சுப் போட்டுக்கிட்டேன். என் வீட்டுக்காரர் சளி பிடிக்கும்னு திட்டினாரு."

சின்னவள் சிரித்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு, "உனக்கு யாராவது தெரிஞ்சாங்களாக்கா?" என்றாள்.

"தெரியறதுன்னா?"

"கண்ணுக்கு. இல்லாதவங்க."

நெட்டை அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். "எனக்கு இல்ல. உனக்கு யாரு தெரியறாங்க?"

"ஒண்ணுமில்ல. டப்பாவை மூடு, ஈ மொய்க்குது."

அம்மா தெரியத்தான் செய்தாள். உலர்த்தும் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியில் சின்னவள் தன் முகத்தைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் இன்னொரு முகம் ஒரு கணம் பிந்தித் திரும்பும். நீராவி கிளம்பும் பக்கம் போனால் ஈரத் தலைமயிரின் வாசனை வரும். விரிப்பை உயர்த்திப் பிடிக்கும்போது எதிராளியின் முகம் மறைந்துவிடும் அல்லவா, அந்த நேரத்தில், வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "காத்தே இல்லையேடி" என்று கேட்கும். துணியை இறக்கினால் நெட்டை அக்கா நிற்பாள். பேயா, தூக்கமில்லாத மூளையின் வேலையா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சின்னவளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. அம்மா கூப்பிட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். தானும் ஒரு நாள் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய்விடுவோம், போகிறோம் என்று தெரியாமலேயே போய்விடுவோம் என்ற பயம் அவளைத் தின்றது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில் கண் அயர்ந்து கடைசி நிறுத்தம் வரைக்கும் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டில் அதற்கு மூன்று பேர் கூடி விசாரணை வைத்தார்கள். பெரியவள் போனில், மற்ற இருவர் நேரில்.

"தூங்கிட்டேன்னு சொல்றேன்ல."

"வீட்டுல தூங்கமாட்டேங்கிற, பஸ்ல மட்டும் எப்படிம்மா தூக்கம் வருது?" என்றாள் மகள். வார்த்தை மருந்துக்கடையில் நோயாளியைக் கேட்கிற மாதிரி இருந்தாலும் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஜன்னல் ஓரம் காத்து வந்துது."

காற்று என்ற சொல்லைக் கேட்டதும் போனுக்குள் பெரியவள் அழுதாள்.

அன்று விளக்கு வைத்த பிறகு செருப்பைக் காணவில்லை. கணவர்தான் எடுத்து அலமாரிக்கு மேலே வைத்திருந்தார். அவள் கண்டுபிடித்ததும், திருடிய பிள்ளையைப் போல நின்றார்.

"என்னங்க இது?"

"சும்மா. நாய் கவ்விட்டுப் போயிடுமேன்னு."

"நம்ம தெருவுல நாயே இல்லையே."

அவர் உட்கார்ந்துவிட்டார். "நீ போயிடமாட்டியே," என்றார். நல்ல ஆகிருதியான மனுஷர். அந்தக் கேள்வியைக் கேட்டபோது பாதியாகத் தெரிந்தார்.

"எங்க போறது? எனக்கு யாரைத் தெரியும்?"

"உங்கம்மாவுக்கும்தான் யாரையும் தெரியாது."

சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் செருப்பை எடுத்து வழக்கமான இடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவர் பேசியதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்குக் கொடுமையாக இருந்தது.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், ஆஸ்பத்திரி விரிப்புகள் வழக்கத்தைவிட அதிகமாக வந்து குவிந்திருந்தன. மத்தியானத்துக்குள் இரண்டு முறை சின்னவள் முகம் கழுவிவிட்டு வந்தாள். மூன்றாம் முறை போக நேரமில்லை. ஒரு பெரிய விரிப்பு உருளையிலிருந்து வெளியே வந்தது. இருவரும் முனைகளைப் பிடித்து உயர்த்தினார்கள். காது மடல் சுட்டது. கண்ணைத் தாழ்த்தினாள். விரிப்பின் கீழ் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவில் எதிராளியின் கால் தெரிந்தது. கூடத்தில் எல்லோரும் கறுப்பு ரப்பர் காலணி போட வேண்டும் என்பது விதி. அங்கே தெரிந்தது வெறுங்கால். ஈரமாக, விரல்கள் லேசாக விரிந்து, சுண்டுவிரல் நகம் பிளந்து. அந்த நகத்தை அவளுக்குத் தெரியும். பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு எத்தனையோ தடவை வெட்டிவிட்டிருக்கிறாள்.

எதிர்ப்பக்கம் இருந்தவள் பின்னால் சாய்ந்து இழுத்தாள். சின்னவள் கையை விட்டுவிட்டாள்.

நெட்டை அக்கா முழுக் கனத்தோடு பின்னால் போய்த் தரையில் விழுந்தாள். கை ஊன்றிய சத்தம் உருளையின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. விரிப்பு அவள் மேல் விழுந்து மூடியது. ஓடி வந்து துணியை விலக்கினார்கள். அடியில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெட்டை அக்காதான் கிடந்தாள், கறுப்புக் காலணியோடு. வலியில் முகம் சுருங்கியிருந்தது. இருந்தும் அவள் கேட்டது, "உனக்கு என்னாச்சு?" என்றுதான்.

சின்னவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையையும் போனையும் அலமாரியிலேயே விட்டுவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.

எங்கே போகிறோம் என்ற நினைப்பு இல்லை. நிழல் இருந்த பக்கம் கால் போனது. பஸ் நிலையத்தைக் கடந்தாள், பாலத்தைக் கடந்தாள். மொத்த மீன் சந்தைக்குப் பின்னால் ஓர் ஐஸ் கிடங்கு இருக்கிறது. அதன் வெளிச்சுவர் எப்போதும் வியர்த்து வழிந்துகொண்டிருக்கும். சரக்கு ஏற்றும் மேடையில் ஏறி, அந்தச் சுவரில் முதலில் நெற்றியை ஒட்டினாள், பிறகு கன்னத்தை. பிறகு திரும்பி முதுகு முழுவதையும் சாய்த்து உட்கார்ந்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகோ உடம்பு அவள் பேச்சைக் கேட்டது.

காவல்காரர் வந்து பார்த்தார். "யாரைப் பாக்கணும்மா?"

"யாரையும் இல்லைங்க. சுவர் சில்லுனு இருக்கு."

அவர் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இருங்க. சுவர் என்ன தேஞ்சா போயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண் சொருகும்போது பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து அதே சுவரில் சாய்ந்திருப்பது தெரிந்தது. தோள் உரசியது. ஈர மயிரின் வாசனை வந்தது. சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை, பயப்படவும் இல்லை. இதற்குத்தானா அம்மா, இதற்காகத்தான் போனாயா என்று கேட்க நினைத்தாள். அடுப்பை அணைக்காமல், தீயைக் குறைத்து வைத்துவிட்டுத்தானே போனாள். சோறு வேகிற நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தவள்தானே அப்படிச் செய்வாள்? கேட்பதற்குள் தூங்கிப்போனாள்.

எழுந்தபோது வெயில் தணிந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. நல்ல பசி. நெட்டை அக்காவின் கை நினைவுக்கு வந்தது. போய்க் காலில் விழ வேண்டும், அதற்கு முன் வீட்டில் முகம் காட்ட வேண்டும் என்று வேகமாக நடந்தாள். கூடத்தில் நடந்ததையும், சுவரையும், பக்கத்தில் உட்கார்ந்தவளையும் ஒன்று விடாமல் வீட்டில் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தாள். பயம் விட்டுப்போயிருந்தது.

வீடு பூட்டியிருந்தது.

சாவி அவள் பையில், பை சலவைக்கூடத்தில். தட்டினாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மேஜையில் பாதி குடித்த டீ இருந்தது. மகளின் துப்பட்டா நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் கிடந்தது. தன் வீட்டை வெளியிலிருந்து இப்படிப் பார்த்ததே இல்லை. செத்தவர்கள் வந்து எட்டிப் பார்த்தால் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்ததும் உடம்பு குளிர்ந்தது. மறுபடி தட்டினாள்.

தெருமுனையில் பெரியவள் வந்துகொண்டிருந்தாள், ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு. தங்கையைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் தோளில் ஓங்கி ஓர் அடி. அப்புறம் அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"எங்கடி போன?"

"ஐஸ் கிடங்குக்கு."

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. சுவர் இருக்கு. சாஞ்சேன், தூங்கிட்டேன்."

"பாவி. மாப்பிள்ளை பஸ்ஸ எடுத்துக்கிட்டு ஊர் பூரா சுத்தறாரு. பொண்ணு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கறா. உன் ஜோடிக்காரி கை வீங்கிப் போய் உக்காந்திருக்கா. அவ ஒருத்திதான், வந்துடுவா, பதறாதீங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கா."

"எலும்பு முறிஞ்சிருச்சா?"

"சுளுக்குதானாம். இரு, முதல்ல போன் பண்றேன்." பண்ணினாள். அந்தப் பக்கம் கணவரின் குரல் உடைந்தது இவள் நிற்கும் இடம் வரை கேட்டது. பெரியவள் போனை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வந்துக்கிட்டிருக்காங்க. சாவி அவர்கிட்டதான் இருக்கு."

"ஏன்க்கா பூட்டினீங்க?"

"பூட்டாம? திறந்து போட்டுட்டா போவாங்க?"

"நான் வந்தா?"

"நீ வருவேன்னு யாருக்குடி தெரியும்?"

எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அக்கா. அம்மா போனப்புறம் அந்த வீட்டுல நாம எத்தனை நாள் இருந்தோம்?"

"எங்க இருந்தோம்? ராத்திரி பூரா அப்பா தேடினாரு. மறுநாளே சாமானை ஏத்திக்கிட்டு வெளியூருக்கு, சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிட்டோமே. அப்பாவால தெருவுல தலை காட்ட முடியல."

"பூட்டினது யாரு?"

"நான்தான். எல்லாரும் வண்டியில ஏறிட்டீங்க. பூட்டி, சாவிய வீட்டுச் சொந்தக்காரர் கையில குடுத்துட்டு..." பேச்சு அங்கே நின்றது.

"எங்க போறோம்னு பக்கத்துல யார்கிட்டயாவது சொன்னோமா?"

"அப்பா யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னாரு."

பெரியவள் படியில் உட்கார்ந்தாள். பாதி வயதுக்கு மேல் அவள் சுமந்துகொண்டு வந்த கதை ஒன்று உண்டு: அம்மா எங்களை விட்டுவிட்டுப் போனாள். அந்தக் கதைக்கு அடியில் இன்னொன்று இருக்கும் என்று இதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"வந்திருக்கமாட்டாடி," என்றாள். "புத்தி கெட்டுப் போனவ. எப்படி வருவா?"

"நானும் இன்னிக்கு அப்படித்தானே போனேன். வந்துட்டேன்ல."

பள்ளி பஸ் தெருவுக்குள் திரும்பி, அடைத்துக்கொண்டு நின்றது. மகள் முதலில் குதித்து ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கணவர் பூட்டைத் திறந்தார். கதவை விரியத் திறந்துவிட்டு, உள்ளே போய் எல்லா விளக்கையும் போட்டார். ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"உள்ள வாம்மா," என்றாள் மகள். "பெரியம்மா, நீங்களும் வாங்க."

"நீ போய் டீ போடு. வர்றோம்," என்றாள் சின்னவள்.

சகோதரிகள் இருவரும் வாசலிலேயே இருந்தார்கள். பெரியவள் மூடியிராத அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து, சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள்.

"தட்டியிருப்பாளாடி?"

சின்னவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் தட்டினேன்க்கா," என்றாள். "உள்ள யாரும் இல்லைன்னு தெரிஞ்சப்புறமும் தட்டினேன்."